இலங்கையில் ஆட்சியாளர்களிடம் பொறுப்புக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒரு சாதாரண குடிமகனால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

சலிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அந்த நெருக்கடிக்கு வழிவகுத்த தீர்மானங்களால் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கி, நிதியமைச்சு உயர் அதிகாரிகள் சிலரும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது. மனுதாரர்களுக்கு 150,000 ரூபாய் வழக்குச் செலவு. நட்டஈடு இல்லை. அடிப்படை உரிமை வழக்கு குற்றவியல் வழக்கு அல்ல என்பதால் அதில் சிறைக்கும் இடமில்லை. வரிசையில் நின்று களைத்தவனுக்கு இது போதாமல் தெரிவதில் வியப்பில்லை.

இன்னொரு பக்கம், தெரிவு செய்த எம்.பி.யைப் பதவிக்காலத்தின் நடுவில் திருப்பி அழைக்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரிலும் முடிந்தன. பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் வைக்காமலே விட்டார்கள். ஆக, வாக்குச் சீட்டை மட்டும் நம்பினால் நீண்ட காலம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் குடிமகன் கையில் இருக்கும் ஆகக் கூர்மையான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பலர் அதை ஒருமுறை பாவித்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை கேட்ட விதத்தில்தான். ஏன் என்று கேட்கிறார்கள், விளக்கம் கேட்கிறார்கள். இந்தச் சட்டம் தருவது விளக்கத்தை அல்ல. அலுவலகத்தின் கோவையில் (ஃபைலில்) ஏற்கெனவே இருக்கிற காகிதத்தை.

"எங்கள் ஒழுங்கை ஏன் ஆறு மாதத்தில் உடைந்தது?" என்று எழுதினால் "மழை காரணமாக" என்று ஒரு வரி வரும், விஷயம் முடிந்தது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன ஒழுங்கையில் 2024ஆம் ஆண்டு செய்யப்பட்ட கொங்கிரீட் வேலை தொடர்பான அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் அளவுப் பட்டியலும், பெறுகைக் (கொள்வனவுக்) குழுவின் தீர்மானம், ஒப்பந்தத்தின் பிரதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுப் பதிவு, இறுதிப் பட்டியல், கொடுப்பனவு வவுச்சர்கள், பிடித்து வைக்கப்பட்ட பணம் விடுவிக்கப்பட்ட திகதி." இதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. மழுப்புவதற்கும் இடமில்லை. இருந்தால் தர வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மதிப்பீடு இல்லாமல் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வருவதே ஒரு சான்றுதான். (டெண்டருக்கு நம் அரச தமிழில் "கேள்வி" என்று பெயர். கேள்வி கோரியவர்களிடம் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதுதான் நம் கதை.)

அந்தக் காகிதங்கள் கைக்கு வந்ததும் கணக்கு எளிது. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்று அளவீட்டுப் பதிவு சொன்னால் 45 கன மீற்றர் கொங்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. தரையில் இருப்பது 10 சென்ரிமீற்றர் என்றால் போட்டது 30 கன மீற்றர்தான். மூன்றில் ஒரு பங்கைக் காணோம். தடிப்பைப் பார்க்க வீதியைக் கிண்டத் தேவையில்லை, கிண்டவும் கூடாது. வடிகால் ஓரத்திலும் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்திலும் வெட்டுமுகம் தெரியும். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அளவீட்டுப் பதிவில் கையெழுத்து வைத்தவர் யார் என்பது காகிதத்திலேயே இருக்கும். "அரசாங்கம் சரியில்லை" என்பது அப்போது "இன்ன திகதியில் இன்ன அலுவலர் இன்ன அளவை உறுதிப்படுத்தியிருக்கிறார்" என்று மாறுகிறது. முதலாவதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதற்கு ஒருவர் சொல்லியே ஆக வேண்டும்.

நேரமும் முக்கியம். ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, வேலை முடிந்ததும் பாதியையும், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதியையும் விடுவிப்பதுதான் வழமை. அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். உடைப்பைப் பற்றிய எழுத்து முறைப்பாடு அதற்குள் போய்ச் சேர்ந்தால் ஒப்பந்தக்காரரின் செலவில் திருத்தச் சொல்லலாம். பணம் முழுவதும் போன பிறகு கத்தினால் அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தில்தான் கை வைப்பார்கள், அதாவது மறுபடியும் உங்கள் வரியில்.

இனி நடைமுறை. விண்ணப்பத்துக்கு ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் கேட்கவும் கூடாது. தகவல் அலுவலர், குறித்தளிக்கப்பட்ட அலுவலர் (முதல் மேன்முறையீட்டைக் கேட்பவர்) ஆகியோரின் பெயர்களும் கட்டண விபரமும் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் காட்சிக்கு இருக்க வேண்டும். தகவல் அலுவலரே நியமிக்கப்படாவிட்டால் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். நேரில் கொடுத்தால், விண்ணப்பம் கிடைத்ததென்ற அத்தாட்சியை அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். அனுப்புவதானால் பதிவுத் தபால். அந்தத் துண்டு இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் கால் ஊன்ற இடமில்லை.

பெற்றுக்கொண்டதிலிருந்து 14 வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் கட்டணம் கட்டிய பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். ஆவணங்கள் அதிகம் என்றால், காரணத்தைச் சொல்லி, மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். 2017 வர்த்தமானியின்படி ஏ4 தாளின் ஒரு பக்கப் பிரதி 2 ரூபாய், இரு பக்கமும் 4 ரூபாய். முதல் நான்கு பக்கங்கள் இலவசம். மின்னஞ்சலில் அனுப்பினாலும் இலவசம். கோவையை நேரில் பார்வையிட முதல் மணித்தியாலத்துக்குக் கட்டணம் இல்லை, பிறகு மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். நூறு பக்கப் பிரதியைக் கேட்பதை விட, பார்வையிட்டுத் தேவையான பத்துப் பக்கத்தை மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம். பார்வையிடும்போது கோவையின் பக்க ஓரங்களையும் கவனியுங்கள். "அமைச்சரின் பணிப்புரைப்படி" போன்ற கைக்குறிப்புகள் அங்கேதான் கிடக்கும்.

பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தரமுடியாது என்று நிரூபிக்கும் சுமை அங்கே அலுவலகத்தின் தலையில்தான். ஆணைக்குழுவின் முடிவுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். வேண்டுமென்றே தடுப்பவர், பிழையான தகவல் தருபவர், ஆவணத்தை அழிப்பவர் மீது நீதவான் நீதிமன்றத்தில் 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ உண்டு. மனிதர்கள் தோற்பது சட்டத்தில் அல்ல, நாட்காட்டியில். விண்ணப்பம் கொடுத்த அன்றே 14 வேலை நாட்கள் முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். போயா நாளும் வார இறுதியும் சேராது.

"வந்து நேரில் கதைப்போம்" என்று தொலைபேசி வரும். மரியாதையாக, பதிலைக் கடிதமாகத் தாருங்கள் என்று சொல்லுங்கள். கதைத்தால் தகவல் கிடைக்கலாம், ஆனால் சான்று கிடைக்காது. சிங்களத்தில் பதில் வந்தால், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விண்ணப்பத்திலேயே அந்த வரியைச் சேர்த்துவிடுவது நல்லது. ஆவணத்தின் பிரதி மட்டும் அது எழுதப்பட்ட மொழியிலேயே வரும் என்று எதிர்பாருங்கள்.

மறுப்புக்கு ஆகப் பிடித்த காரணங்கள் தேசிய பாதுகாப்பு, தனிப்பட்ட தகவல், வர்த்தக இரகசியம். மூன்றும் 5ஆம் பிரிவில் உள்ளவைதான். ஆனால் அதே பிரிவு, வெளியிடுவதால் வரும் பொது நலன் தீங்கை விடப் பெரியதென்றால் கொடுக்க வேண்டும் என்கிறது. 6ஆம் பிரிவு, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. மேன்முறையீட்டில் இந்த இரண்டையும் இலக்கத்தோடு எழுதுங்கள். இன்னொரு உபாயம்: ஒரே காகிதம் பல கந்தோரில் இருக்கும். ஒளிக்கத் தேவையுள்ள இடத்தில் கேட்பதை விட, ஒளிப்பதால் எந்த இலாபமும் இல்லாத இடத்தில் கேளுங்கள். இராணுவம் விடுவித்த காணிகளின் ஏக்கர் விபரத்துக்குப் பாதுகாப்பு அமைச்சை விட மாவட்டச் செயலகம் நல்ல இடம். எம்.பி. மேடையில் சொன்ன வாக்குறுதியை விட மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அவர் சொன்னது பெறுமதி கூடியது, ஏனென்றால் அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. கூட்டக் குறிப்பையும், அடுத்த கூட்டத்தில் காட்டிய முன்னேற்ற அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் பொறுப்புக்கூறல்.

பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு: 500,000 ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமோ, 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமோ என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்குத் தகவல் தரும் கடமை 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சருக்கு இருக்கிறது. வேலை முடிந்த பின் ஓடித் திரிவதை விட, வரப்போகும் திட்டத்தின் விபரத்தை இதைச் சொல்லிக் கேட்பது மலிவு.

தலைவர்களின் சொத்து விபரம் ஒரு காலத்தில் எட்டாக்கனி. எம்.பி.க்களின் சொத்து வெளிப்படுத்தல் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்ற ஆணைக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. அதே வருடத்து 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் பிறகு இந்தக் கூற்றுக்களை, சில விபரங்களை மறைத்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். ஒரு வருடத்துக் கூற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு வருடங்களைப் பக்கத்தில் வைத்து, கூடியதற்கு வருமானம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இலஞ்சம் கேட்டதாக நேரடிச் சான்று இருந்தால் அந்த ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். தெரிந்தே பொய் முறைப்பாடு செய்வது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரச நிறுவனங்களையும் அரச கணக்குகளையும் ஆராயும் நாடாளுமன்றக் குழுக்களான கோப், கோபாவின் விசாரணை தொலைக்காட்சியில் சூடாக இருக்கும். தண்டிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. அரச நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனின் முடிவும் பரிந்துரைதான். சம்பளம், இடமாற்றம், ஓய்வூதியம் போன்ற தனிப்பட்ட நிர்வாக அநீதிக்கு அவரிடம் போகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அரசியலமைப்பு தரும் உரிமையை அரச தரப்பு மீறினால் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனு வேறு தரம். ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12 அன்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது இந்த வழியில்தான். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் பதிந்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டும் என நீதிமன்றம் கேட்கும். ஆகவே ஆணைக்குழுவின் கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள்.

கடைசியாக, அடிக்கடி வரும் பதில்: "கோவை காணாமல் போய்விட்டது." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டம் வந்தபின் உருவான ஆவணத்தை 12 வருடமும், அதற்கு முன் இருந்ததைச் சட்டம் வந்த நாளிலிருந்து 10 வருடமும் பாதுகாக்க வேண்டும். காணவில்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள். ஆவணம் அழிக்கப்பட்டது அல்லது இடம் மாறியது என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதே மேன்முறையீட்டுக்கு ஒரு தனிக் காரணம். அந்தக் கடிதம் கையில் இருந்தால், கடைசியாக அந்தக் கோவையைப் பொறுப்பில் வைத்திருந்தவர் யார், எந்தத் திகதியில் யாரிடம் கையளித்தார் என்ற பதிவை அடுத்த விண்ணப்பத்தில் கேளுங்கள். பல கோவைகள் அந்த விண்ணப்பம் போன பிறகு எங்கிருந்தோ கிடைத்துவிடுகின்றன.