பை கலங்கினால் காத்திருக்காதீர்கள்: வயிற்று டயாலிசிஸும் பூஞ்சைத் தொற்றும் – கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பை மாற்றக் கற்றுத்தரும் செவிலியர். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, வயிற்றில் வைத்த குழாய் வழியே பையிலுள்ள திரவத்தை உள்ளே விட்டு, பிறகு கழிவோடு வேறு பையில் இறக்குவதுதான் வயிற்று டயாலிசிஸ்.)

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: சிஸ்டர், அப்பாவுக்குக் காலையில் இறக்கிய தண்ணீர் கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது. வலி லேசாகத்தான். மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம் தம்பி, இன்றைக்கே கிளம்புங்கள். பையை நாளிதழ் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது தொற்றாக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு வெள்ளணுக்கள் 100க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) என்றால் வயிற்று உறை அழற்சி, அதாவது வயிற்றின் உள்சவ்வில் தொற்று, என்று எடுத்துக்கொண்டு உடனே மருந்து ஆரம்பிப்பார்கள்.

மெடிக்கல் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டபின் கல்ச்சரில் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி வளராமல் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது. கேண்டிடா என்ற பூஞ்சை நம் குடலிலும் தோலிலும் எப்போதும் இருப்பதுதான். நல்ல பாக்டீரியாக்கள் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். ஆன்டிபயாட்டிக் அவற்றை அழித்துவிட்டால் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். பூஞ்சைத் தொற்று வந்தவர்களில் பலரும் கொஞ்ச நாள் முன்பு ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களாகவே இருப்பார்கள்.

கீழக்கரையிலிருந்து ஒரு அக்கா: பல் டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார். சாப்பிடாமல் விட்டுவிடவா?

விடாதீர்கள் அக்கா. தேவைப்பட்டு எழுதிய மருந்தை முழுசாகச் சாப்பிடணும். ஆனால் முதலில் சிறுநீரக டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் பூஞ்சை வராமல் இருக்க நிஸ்டாட்டினோ ஃப்ளூகோனசோலோ என்ற பூஞ்சை மருந்தைச் சேர்த்துத் தருவது உண்டு. ஃப்ளூகோனசோல் வேறு சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது, அதனால் நீங்களாக வாங்க வேண்டாம்.

பாம்பனிலிருந்து: அம்மாவுக்குப் பூஞ்சை என்று ரிசல்ட் வந்துவிட்டது. குழாயையே எடுக்கணும் என்கிறார்கள். மருந்திலேயே சரியாகாதா? குழாய் போட எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?

தெரியும்மா. ஆனாலும் எடுக்கச் சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பூஞ்சை குழாயின் உட்சுவரில் பாசி மாதிரி படிந்துகொள்ளும். நீங்கள் கடலோரத்தில் இருப்பவர்கள், கல்லில் பிடித்த பாசி அலை அடித்துப் போவதில்லை என்று பார்த்திருப்பீர்கள். மருந்தும் அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. ஒரு நோயாளியின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளைப் பார்த்தேன், அது ஒருவகைப் பூஞ்சணம். குழாயை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து. பாக்டீரியா தொற்றைவிட இதில் இறப்பு மிக அதிகம்.

எடுத்த பிறகும் குறைந்தது 2 வாரம் பூஞ்சை மருந்து தொடரும். அதுவரை இரத்த டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. வயிறு நன்றாக ஆறினால் சிலர் திரும்பப் பைக்கு வருகிறார்கள். வயிற்று உறை உள்ளே ஒட்டிக்கொண்டால் சிலரால் முடிவதில்லை. அப்படியானாலும் அது உங்கள் பராமரிப்பில் வந்த குறை என்று நினைக்காதீர்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: குழாயோடு அக்னி தீர்த்தத்தில் குளித்து 22 தீர்த்தமும் ஆடலாமா?

கூடாது. குழாய் வெளிவரும் இடம் கடல்நீரிலோ கிணற்றுநீரிலோ நனையக்கூடாது. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், போதும்.

தொண்டியிலிருந்து: எங்கள் வீட்டில் எந்நேரமும் கடற்காற்று. மீன், கருவாடு வேலையும் உண்டு.

பை மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போடுங்கள். மீன் தொட்ட கையைச் சோப்பால் நன்றாகக் கழுவி, *துடைத்துக் காயவிட்டு* அப்புறம் இணைப்பைத் தொடுங்கள். ஈரக்கையோடு தொடுவதைத்தான் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். பைப் பெட்டிகளை ஈரச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

தங்கச்சிமடம் தம்பி, மறுபடி: வண்டி சொல்லிவிட்டோம். அந்தப் பையைக் கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள்! பையின் குழாயைக் கிளாம்ப் (கவ்வி) போட்டு அடைத்து, சுத்தமான உறையில் வைத்து, வெயில் படாமல் கையோடு கொண்டுபோங்கள். ரெக்கார்டு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் இறங்கியதும் "வயிற்று டயாலிசிஸ் நோயாளி, பை கலங்கியிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.