சேலத்தில் பன்மொழி 'இண்டர்நேஷனல்' தொடக்கப் பள்ளி: சேர்ப்பதற்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: பொன்னம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். மகளுக்கு வரும் மே மாதம் ஐந்து முடிகிறது. ஒரு இண்டர்நேஷனல் பள்ளியில் ஆங்கிலம், தமிழ், இந்தி, பிரெஞ்சு நான்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு என்கிறார்கள். இன்னொன்றில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். மாமனார் ஏற்காட்டில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். கணவருக்கு மூன்று வருடத்தில் ஜெர்மனிக்கு மாற்றல் வரலாம். எது சரி? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: நான்கு மொழி என்ற விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். பன்மொழிப் பள்ளியா இல்லையா என்பதை பிராஸ்பெக்டஸ் சொல்லாது. அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு பீரியட் 40 நிமிடம், நாளுக்கு 8, வாரம் 5 நாள் என்றால் மொத்தம் 40 பீரியட். அதில் பிரெஞ்சு 2 என்று இருந்தால் வாரத்துக்கு 80 நிமிடம். வருடத்தில் 36 வாரம் பாடம் நடந்தால் 48 மணி நேரம். ஆண்டுவிழா ஒத்திகை, ஸ்போர்ட்ஸ் டே, தேர்வு வாரங்களில் முதலில் பறிபோவது இந்த பீரியட்கள்தான். அதனால் 40 மணி நேரம் கிடைத்தாலே நல்லது. அந்த நேரத்தில் குழந்தை நிறங்கள், எண்கள், இரண்டு பாட்டு, 'என் பெயர் இது' என்பது வரை கற்றுக்கொள்ளும். அதில் தவறில்லை, ஆனால் அதற்காகத் தனிக் கட்டணம் கொடுக்கும் அளவுக்கு அது மொழிக் கல்வி அல்ல. உண்மையான இருமொழிப் பள்ளியில் ஒரு மொழி பாடமாக மட்டும் நிற்காது. கணக்கோ சூழ்நிலையியலோ கைவினையோ ஏதாவது ஒன்று அந்த மொழியில் நடக்கும். உலகம் முழுக்க இருமொழி வகுப்புகளில் பாதிக்குப் பாதி அல்லது தொடக்கத்தில் தொண்ணூறுக்குப் பத்து என்று நேரத்தைப் பிரிப்பது இதனால்தான். உங்கள் டைம்டேபிளில் எந்த மொழியில் எந்தப் பாடம் நடக்கிறது என்று பாருங்கள். 'எல்லாமே இங்கிலீஷ், மற்றது லாங்வேஜ் கிளாஸ்' என்ற பதில் வந்தால் அது ஆங்கில வழிப் பள்ளி. அப்படியே எண்ணிக்கொண்டு மதிப்பிடுங்கள்.

பெயர்ப்பலகையில் உள்ள 'இண்டர்நேஷனல்' எந்த வாரியத்தையும் குறிப்பதில்லை. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளே பல இந்தப் பெயரில் இருக்கின்றன. எனவே எதில் இணைப்பு என்று கேளுங்கள். சி.பி.எஸ்.இ. என்றால் இணைப்பு எண்ணும் அது செல்லுபடியாகும் காலமும் வேண்டும். ஆசிரியர் விவரம், கட்டணம், கட்டடப் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பள்ளி தன் இணையதளத்தில் பொதுவில் வைக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அந்தப் பக்கம் காலியாக இருந்தால் நேரில் போகுமுன்பே ஒரு கேள்வி தயார். கேம்பிரிட்ஜும் ஐ.பி.யும் (இண்டர்நேஷனல் பேக்கலாரியட், இன்னொரு சர்வதேசப் பாடத்திட்டம்) தங்கள் பள்ளிகளின் பட்டியலைத் தேடும் வசதியை இணையத்தில் வைத்திருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லையென்றால் 'கேம்பிரிட்ஜ் புத்தகம் பயன்படுத்துகிறோம்' என்பதற்கு மேல் அங்கே எதுவுமில்லை. ஐ.பி.யில் இன்னொரு நுணுக்கம்: விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளி 'கேண்டிடேட்', அங்கீகாரம் பெற்றதுதான் 'வேர்ல்ட் ஸ்கூல்'. விளம்பரத்தில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் வரும்.

ஐ.பி.யின் தொடக்கநிலைத் திட்டம் 3 முதல் 12 வயது வரைக்கானது. ஏழு வயதுக்குள் இரண்டாவது மொழி தொடங்கியாக வேண்டும், பள்ளிக்கென்று எழுதப்பட்ட மொழிக் கொள்கை இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பிரைமரி சுமார் 5 முதல் 11 வயது வரை, ஆறு நிலைகள். அதில் ஆங்கிலமே இரண்டு வகை உண்டு: முதல் மொழி ஆங்கிலம், இரண்டாம் மொழி ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தையை முதல் மொழி வகுப்பில் உட்காரவைத்தால் வாசிப்புப் பகுதிகள் சட்டென்று கனத்துவிடும். பள்ளி எதை நடத்துகிறது, தடுமாறும் குழந்தைக்கு என்ன துணை வகுப்பு தருகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

தமிழைப் பற்றிக் குழப்பமே வேண்டாம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. 2014-இல் வந்த அரசாணையால் மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 முதல், ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமானது. 'எங்களிடம் தமிழ் விருப்பப்பாடம்' என்று யாராவது சொன்னால், நடைமுறையில் எத்தனை பீரியட், யார் எடுக்கிறார், நோட்டைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஆறாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ.க்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறும் குழந்தைகள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேச்சுத் தமிழ் சரளமாக இருக்கும், ஒரு பத்தி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

மூன்று எழுத்துமுறை ஒரே வருடத்தில் வேண்டாம்

வாசகர்கள் பொதுவாகக் கேட்காமல் விடுவது இது, எங்கள் பார்வையில் மிக முக்கியமானதும் இதுவே. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து மொழிகளைக் காதால் கேட்டுப் பேச முடியும். சேலத்தில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது வீடுகளில் பிள்ளைகள் அதைத் தினமும் செய்கிறார்கள். சிக்கல் எழுதப் படிக்கத் தொடங்கும்போது வருகிறது. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். கொம்பு, கால், சுழி எல்லாம் கைக்குப் பழக இரண்டு வருடம் எடுக்கும். தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் வேறு ஒலி. இந்தியில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. ஆங்கிலத்திலோ எழுத்துக்கும் ஒலிக்கும் நேர்த் தொடர்பே பாதிதான். மூன்றையும் ஒரே ஜூன் மாதத்தில் தொடங்கினால் குழந்தை எதிலும் சரளமாக வாசிக்காமல் எல்லாவற்றிலும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் 'மெதுவான குழந்தை' என்பார். குழந்தை மெதுவாக இல்லை, அட்டவணைதான் அவசரப்படுகிறது.

பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி: 'முதலில் எந்த மொழியில் வாசிக்கக் கற்றுத்தருகிறீர்கள்? அடுத்த மொழியின் எழுத்து எப்போது?' நல்ல பதில், ஒரு மொழியில் சிறு கதை வாசிக்கும் நிலை வந்தபின் அடுத்ததன் எழுத்து, அதுவரை அது பேச்சும் பாட்டும் மட்டும் என்பதாக இருக்கும். தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக நடப்பது நம் ஊரில் தவிர்க்க முடியாதது, சமாளிக்கக்கூடியதும்கூட. இந்தி எழுத்து மூன்றாம் வகுப்புக்குப் போகலாம். உங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவதால் மகளுக்கு இந்தியின் அழுத்த ஒலிகள் காதுக்குப் புதிதல்ல. தாமதமாகத் தொடங்கினாலும் வேகமாகப் பிடித்துக்கொள்வாள்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். ஒரு புதிய மொழியில் விளையாட்டுப் பேச்சு வர ஒன்றிரண்டு வருடம் போதும். அந்த மொழியில் பாடம் படிக்கும் திறன் வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகிறது என்பது மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டியது. அதனால்தான் இரண்டாம் வகுப்பில் 'என் பொண்ணு இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறா' என்ற பெற்றோர், நான்காம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் குறைந்ததும் திகைக்கிறார்கள். கூட்டல் கழித்தல் தெரியும். 'எவ்வளவு மீதி', 'ஒவ்வொன்றிலும்', 'இதைவிட எத்தனை அதிகம்' என்பதற்கான ஆங்கிலச் சொற்கள்தான் பிடிபடவில்லை. இதற்கு டியூஷன் மருந்து அல்ல. அதே கணக்கைத் தமிழிலோ சௌராஷ்டிரத்திலோ வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்தால் பாதி தீர்ந்துவிடும். 'வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்' என்று அறிவுரை சொல்லும் பள்ளியை நாங்கள் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுவோம்.

நேரில் போகும் நாள்

அட்மிஷன் கவுண்டரில் தொடங்காதீர்கள். மூன்றாம் வகுப்பின் தமிழ், ஆங்கில நோட்டுகளைக் கேளுங்கள். 'நல்ல நோட்டு' ஒன்றைக் காட்டுவார்கள், நீங்கள் அடுக்கிலிருந்து மூன்றை எடுங்கள். ஜூன் மாதப் பக்கத்தையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளின் பதிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. பிழையோடு சொந்த வாக்கியங்கள் இருந்து, ஆசிரியர் அவற்றைத் திருத்தியிருந்தால் அங்கே மொழி நடக்கிறது. முடிந்தால் ஒரு மொழி வகுப்பில் 20 நிமிடம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பிறகு ஆசிரியர்கள். பிரெஞ்சு ஆசிரியர் முழுநேரமா, வாரம் இரண்டு நாள் வந்து போகிறவரா? கடந்த மூன்று வருடத்தில் அந்த இடத்தில் எத்தனை பேர் மாறினார்கள்? சேலம் அளவிலான ஊரில் அயல்மொழி ஆசிரியர் ஒருவர் விலகினால் அடுத்தவர் கிடைக்க ஒரு டெர்ம் போய்விடக்கூடும், அதுவரை அந்த பீரியட் 'லைப்ரரி'யாக மாறும். நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் ஓர் அலமாரியாவது இருக்கிறதா, குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துப்போக விடுகிறார்களா என்றும் பாருங்கள். பூட்டிய கண்ணாடி அலமாரி எந்தக் குழந்தைக்கும் உதவாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் 'இன்டர்வியூ' வைத்துத் தேர்ந்தெடுப்பதையும் நன்கொடை வாங்குவதையும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. வடிகட்டும் தேர்வுக்கு முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்து ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு சண்டைக்குப் போகவேண்டாம். ஆனால் ரசீது தராத பணம் எதையும் கட்டாதீர்கள். காப்பு வைப்புத்தொகை (காஷன் டெபாசிட்), புத்தகம், சீருடை, பேருந்து, வெளித்தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொரு தலைப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நடுவில் விலகினால் எது திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மாற்றல் வாய்ப்புள்ள உங்களுக்கு அது முக்கியம்.

ஏற்காடு இப்போது வேண்டாம்

ஏற்காட்டுக்கு நீண்ட கல்விப் பாரம்பரியம் உண்டு. மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இலிருந்து நடக்கிறது. மாமனாரின் ஆசை புரிகிறது. ஆனால் ஐந்து வயதில் விடுதி என்றால், வீட்டு மொழியான சௌராஷ்டிரம் டெர்ம் முழுக்க ஒரு சொல் காதில் விழாமல் போகும். அந்த வயதில் விட்ட மொழி மளமளவென்று உதிரும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் பாதையில் தினசரி வேன் என்ற யோசனையும் சிறு குழந்தைக்குச் சரிவராது. பலருக்கு வாந்தி வரும் பாதை அது. கனமழையில் மண்சரிவு வந்தால் போக்குவரத்து நிறுத்தப்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆனது. குப்பனூர் வழியாகப் போகும் மாற்றுப் பாதை சுற்று. ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு மலைப் பள்ளியை யோசியுங்கள். அப்போது விடுதியில் இரவு யார் உடன் இருக்கிறார், உடல்நலமில்லாதபோது சேலத்துக்கு இறக்கிக்கொண்டுவர என்ன ஏற்பாடு என்பவை முதல் கேள்விகள்.

ஜெர்மனி போனால்

அங்கே அரசுப் பள்ளி இலவசம், கட்டாயம், ஜெர்மன் வழி. மொழி தெரியாமல் வரும் குழந்தைகளுக்குத் தனி ஆயத்த வகுப்புகளோ துணைப் பாடமோ உண்டு. இங்கே மூன்று வருடம் படித்த பிரெஞ்சு அங்கே உதவாது. ஒரு மொழியில் நன்றாக வாசிக்கத் தெரிந்திருப்பதுதான் உதவும், அந்தத் திறன் அடுத்த மொழிக்குத் தானே இடம்பெயரும். பயணம் உறுதியான பின் நான்கைந்து மாதம், வாரம் மூன்று நாள் ஜெர்மன் பேச்சு வகுப்பு போதும்.

ஆகவே உங்கள் நிலையில் எங்கள் தேர்வு: கேம்பிரிட்ஜ் பள்ளி பட்டியலில் இருந்து, இரண்டாம் மொழி ஆங்கிலம் நடத்தி, தமிழுக்கு வாரம் ஐந்து பீரியடாவது கொடுத்தால் அது. இல்லையென்றால் தமிழும் ஆங்கிலமும் ஒழுங்காக நடக்கும் வீட்டுக்கு அருகிலுள்ள சி.பி.எஸ்.இ. பள்ளி, ஒருவழிப் பேருந்து 40 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நான்கு மொழிப் பள்ளி, டைம்டேபிளில் இந்தி, பிரெஞ்சு எழுத்து வேலையை இரண்டு வருடம் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டால் மட்டும். தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு உண்டு, ஆனால் கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் ஆறு வயது கேட்கின்றன, ஜெர்மனியிலும் ஆறு வயதில்தான் தொடக்கம். மே மாதம் ஐந்து முடியும் குழந்தையை இன்னொரு வருடம் யு.கே.ஜி.யில் வைப்பதால் எதுவும் குறையாது. எந்தப் பள்ளியானாலும் சேர்ந்த மாதத்திலேயே எமிஸ் எண் (மாநிலப் பள்ளிக் கல்விப் பதிவேட்டில் மாணவருக்கான அடையாள எண்) வாங்கிக்கொள்ளுங்கள்; பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் டி.சி. வாங்கும்போதும் அதிக அலைச்சல் தருவது இந்த ஒரு எழுத்து வித்தியாசம்தான்.