ரீச்சரிடம் கேளுங்கள்: கல் சுமக்கிற வேடம் யாருக்கு?

கேள்வி: மகனின் பள்ளிக்கூடத்தில் ‘கோட்டைக் காலம்’ என்று ஒருநாள் நிகழ்ச்சி வைக்கப்போகிறார்கள். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பேர்க் என்ற ஊரில் பழைய காலத்தை நடித்துக் காட்டுவதுபோல இங்கும் செய்யப் போகிறார்களாம். மகனுக்கு ஒல்லாந்துத் தளபதி வேடம். எங்களை ஆண்டவனின் உடுப்பைப் பேரப்பிள்ளை போடுவதா என்று மாமா கோபிக்கிறார். நான் கோட்டுத் தைக்கவா, விடவா?
- ஒரு வாசகி, பாலையூற்று

பதில்: மாமாவின் கோபம் எனக்கு விளங்குது, தங்கச்சி. எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டுதான், ஒல்லாந்தருக்கு முன் வந்த பறங்கியர் (போர்த்துக்கேயர்) இங்குள்ள கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் மீன் செதுக்கிய கல்லைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். கோட்டுத் தையுங்கள். ஆனால் அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் வேடம் யாருக்கு என்று பள்ளிக்கூடத்தில் கேளுங்கள்.

வேர்ஜீனியாவில் மகளிடம் போயிருந்தபோது வில்லியம்ஸ்பேர்க்கில் இரண்டு நாள் நின்றேன். 1699 முதல் 1780 வரை ஆங்கிலேயரின் வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் தலைநகரம் அது. 1926இல் றொக்பெல்லர் என்ற செல்வந்தரின் பணத்தில் திருத்தத் தொடங்கி, அமெரிக்கப் புரட்சிக்குச் சற்று முந்திய நாட்களிலேயே ஊரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1775 ஏப்ரலில் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் இரவோடிரவாக வெடிமருந்தை எடுப்பித்து ஊரைக் கொதிக்க வைத்த கிடங்கும் நிற்கிறது.

என் மனதில் நிற்பது செங்கல் அறுக்கும் இடம். செருப்பைக் கழற்றி இறங்கச் சொன்னார்கள். குளிர்ந்த களிமண் கால்விரல் இடுக்குகளால் பிதுங்கி வந்தது. பக்கத்தில் ஒரு பெண் அந்த மண்ணை உருட்டி மரச்சட்டத்தில் ஓங்கி அறைந்து, மிஞ்சியதைக் கட்டையால் வழித்தெடுத்தாள். எங்கள் ஐயா வீடு கட்டக் கல் அறுப்பித்தபோது வளவுக்குள் பார்த்த அதே வேலை. வில்லியம்ஸ்பேர்க்கில் அன்றிருந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அடிமைகள். கவர்னர் மாளிகையை ஆசையாகக் காட்டியவர்கள் இவர்களைப் பல வருஷம் காட்டவேயில்லை. 1979இல்தான் கறுப்பின நடிகர்கள் அந்த வாழ்க்கையைத் தாங்களே பேசத் தொடங்கினார்கள். 1994இல் அடிமை ஏலத்தைத் தெருவில் நடித்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது. அந்த ஏலக் காட்சியை முன்நின்று நடத்தியவர்களும் அங்கு வேலை செய்த கறுப்பினத்தவர்களே. பெரியவர்கள், தாங்களாக எடுத்த முடிவு. பிள்ளைகளை வைத்து ஏலமோ சவுக்கடியோ நடிக்கவே வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளுக்கு 1782ஐ எடுக்கலாம். அமெரிக்கப் புரட்சிக்குள் பிரான்சும் ஒல்லாந்தும் இழுபட, சண்டை எங்கள் துறைமுகத்துக்கே வந்தது. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் பிரெஞ்சுப் படை அதைப் பறித்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் பெருஞ்சண்டை. ஒரே வருஷத்தில் மூன்று கொடி! அந்த நாட்களில் தோணி தள்ளியவன், தண்ணீர் அள்ளியவள், சுண்ணாம்பு சுட்டவன் என்று வேடங்களைப் பிரியுங்கள். ஒல்லாந்தர் இலங்கையிலும் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். ஒருமுறை சுமைக்காரன் வேடத்தை, கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற ஒருவரின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். யோசிக்கவேயில்லை. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன், ஆனால் அவன் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்க ஒரு தவணை எடுத்தது. அதற்குப் பிறகு எந்த வேடமும் சீட்டுக் குலுக்கித்தான். பாதியில் எல்லாரும் வேடம் மாறவும் வேண்டும்.

கோட்டுக்குப் புதுத்துணி வாங்காதீர்கள், பழைய கறுப்புத் துணி போதும். முன்பக்கம் இரண்டே பொத்தான் வைத்துத் தையுங்கள். கல் சுமக்கும் முறை வரும்போது மகன் கெதியாகக் கழற்றலாம்.