பழைய பாட்டில் ஃபெல்ட்டிலிருந்து அச்சில் அழுத்திய பொருள்கள் எப்படி உருவாகின்றன?

காரைக்குடி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் தண்ணீர் பாட்டில், கார் டிக்கியின் உள்பலகையாகவோ ஆபீஸ் சுவரின் ஒலித்தடுப்புப் பலகையாகவோ மாறலாம் என்கிறார்களே, எப்படி என்பது கேள்வி.

ஃபெல்ட் என்பது நெய்யாத துணி. நார்களைப் பரப்பி, முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி ஒன்றோடொன்று சிக்கவைத்த தடித்த விரிப்பு. பாட்டிலைக் கழுவி, துண்டாக்கி, உருக்கி நுண்துளைகள் வழியே இழுத்தால் அந்த நார் கிடைக்கும்.

சரி, மெத்தென்ற விரிப்பு எப்படி விறைக்கிறது? சூட்சுமம் நார்க் கலவையில் இருக்கிறது. பாட்டில் நார் உருக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அதோடு கலக்கும் இன்னொரு நாரின் மேலுறையோ சுமார் 110 டிகிரியிலேயே இளகிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் உறை பசையாகிறது, பாட்டில் நார் அப்படியே நிற்கிறது. உடனே குளிர்ந்த அச்சில் வைத்து அழுத்தினால் அந்த வடிவிலேயே இறுகும். தனிப் பசை தேவையில்லை. அதிகம் அழுத்தினால் பலகை மாதிரி கெட்டி. நார்களுக்கு நடுவே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டால் சத்தத்தை உறிஞ்சும்.

செட்டிநாட்டு வீடுகளில் கார்த்திகைக்குப் பிடிக்கும் பொரி உருண்டையும் இப்படித்தான். பாகு ஒட்டுகிறது, பொரி கரைவதில்லை. ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும் (ஆறின பாகோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்).

அப்புறம், கேரி பேக், பால் கவர் எல்லாவற்றையும் பாட்டிலோடு சேர்த்து உருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவை வேறு வகை பிளாஸ்டிக், பாட்டிலோடு சரியாகக் கலக்காது, இழுக்கும்போதே நார் அறுந்துவிடும்.