மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அண்ணா, பொறியியற்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். கொக்குவிலிலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போக வேண்டும். ஐ5 வாங்குவதா, ஐ7 வாங்குவதா?

வாழ்த்துகள் தம்பி. ஐ5, ஐ7 என்பவை இன்டெல் செயலிகளின், அதாவது கணினியின் மூளையான பாகத்தின், பெயர்கள். அந்தப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள்; செயலி இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘யூ’ என்றால் சுமார் 15 வாட்டில் ஓடும் சிக்கனமான செயலி. ‘எச்’ என்றால் 45 வாட். ஒரே தலைமுறையில் எச் வகை ஐ5, நீண்ட நேர வேலையில் யூ வகை ஐ7ஐப் பெரும்பாலும் முந்திவிடும். ஆனால் அந்த வேகத்தோடு சூடும் கனமான சார்ஜரும் சேர்ந்தே வரும். திரைக்காட்சிகளை உருவாக்கும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் எடை பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டிவிடும். ஏ9 வீதியில் பஸ்ஸில் நின்றபடி அதைச் சுமப்பது நீங்கள்தான். முதலாம் ஆண்டு நிரல் எழுதவும் இருபரிமாண வரைபடம் வரையவும் 14 அங்குலத் திரை, ஒன்றரைக் கிலோ எடை, 16 ஜீபி ராம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜீபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) தாராளம். முப்பரிமாண வேலை அதிகமுள்ள துறை கிடைத்தால் மட்டும் கிராஃபிக்ஸ் அட்டையைப் பற்றி யோசியுங்கள்.

8 ஜீபி ராம் உள்ளது விலை குறைவு. பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான், தங்கச்சி. பல மெல்லிய மடிக்கணினிகளில் ராம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. இன்னொரு ராம் செருக வெற்று இடம் ஒன்று இருந்தால் 8 ஜீபியோடு தயங்காமல் வாங்குங்கள். பின்னர் இன்னொரு 8 ஜீபி போட்டு இரண்டும் சோடியாக இயங்கும்போது, செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் வேகமெடுக்கும். இடமில்லாவிட்டால் 16 ஜீபிக்கு இன்றே செலவழியுங்கள். அதற்காகச் செயலியில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

பாரிஸிலிருந்து மாமா வருகிறார். அங்கிருந்தே கொண்டுவரச் சொல்லவா?

விசைப்பலகையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பிரான்சில் விற்பவற்றில் ‘ஏ’யும் ‘கியூ’வும் இடம் மாறியிருக்கும், இலக்கம் அடிக்கவே ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும். பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்குப் பெரும் சிரமம். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த ஒன்றில் அமைப்பை மாற்றிப் பார்த்தோம். விசையில் அச்சிட்ட எழுத்து ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. உத்தரவாதம் இலங்கையிலும் செல்லுமா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், சுவரில் செருகும் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரப்பிள்ளைகளோடு பேசவும் பத்திரிகை வாசிக்கவும் பாவித்தது ஒன்று போதுமா?

போதும் சேர். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டவற்றில் தேடுங்கள். உடல் உறுதியானது, உதிரிப்பாகங்களும் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. திரை 15.6 அங்குலமாக இருக்கட்டும். வீட்டில் இருக்கப்போவதற்கு எடை பொருட்டல்ல, கண்ணுக்கு இதம். பணம் கொடுக்குமுன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பற்றரியின் உண்மை நிலை அங்கேயே தெரிந்துவிடும்.