சிகாகோ பல்கலைக்கழகக் கால்பந்து அணி: கேள்வி பதில்

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சிகாகோ அணியைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: ஐயா, நோபல் பரிசுகளுக்குப் பேர்போன பல்கலைக்கழகம் அது. அங்கே விளையாட்டுக்கு என்ன வேலை?

1892இல் வகுப்புகள் தொடங்கிய கையோடு அணியும் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேல் பல்கலைக்கழகத்தில் தம்மிடம் படித்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கை அழைத்துவந்து, பயிற்சியாளர் பொறுப்போடு பேராசிரியர் தகுதியையும் கொடுத்தார். நேற்று முளைத்த பல்கலைக்கழகத்தை ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. ஸ்டாக் 41 பருவங்கள் பயிற்சி அளித்தார். பிக் டென் என்று இன்று அழைக்கப்படும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பை 1896இல் நிறுவியவர்களில் சிகாகோவும் உண்டு. அதில் ஏழு முறை பட்டம் வென்றார்கள்.

கேள்வி: மறக்க முடியாத ஒரே ஒரு ஆட்டத்தைச் சொல்லச் சொன்னால்?

யோசிக்கவே வேண்டாம். 1905 நவம்பர் 30, மிச்சிகன் அணியுடன் நடந்த ஆட்டம். ஃபீல்டிங் யோஸ்ட்டின் மிச்சிகன் அணி 1901 முதல் 56 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்து இறங்கியது. இரு பக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. அப்போது சிகாகோவின் வால்டர் எக்கர்சால் பந்தை நெடுந்தொலைவு உதைத்தார். அது மிச்சிகனின் கோல் கோட்டைத் தாண்டி விழுந்தது. பந்தைப் பிடித்த மிச்சிகன் வீரர் அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் அதை ஏந்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். சிகாகோ ஆட்கள் அவரைப் பிடித்து மீண்டும் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அப்படி மடக்கினால் இரண்டு புள்ளி. ஆட்டம் 2–0 என்று முடிந்தது, பட்டம் சிகாகோவுக்கு! இத்தனை சிறிய எண்ணிக்கையில் இத்தனை பெரிய ஆட்டம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஆண்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதலில் வாங்கியவர் சிகாகோ மாணவர் என்பது உண்மையா?

உண்மை. 1935இல் ஜே பெர்வாங்கர் வாங்கினார். ஹைஸ்மன் என்ற பெயர் அடுத்த ஆண்டுதான் அந்தக் கோப்பைக்கு வந்தது. 1936இல் தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்எஃப்எல் முதன்முறையாக நடத்திய வீரர் தேர்விலும் முதல் பெயர் இவருடையதே. ஆனால் சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு அப்போது மிச்சிகன் அணி வீரர். 1934இல் பெர்வாங்கரை மடக்கப் போய் இடது கண்ணுக்குக் கீழே வாங்கிய காயத்தின் வடு அவருக்குக் கடைசிவரை இருந்தது.

கேள்வி: இவ்வளவு புகழ்பெற்ற அணியை 1939இல் ஏன் கலைத்தார்கள்? தோல்வி தாங்காமல்தானே?

தோற்றார்கள் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பருவத்தில் மிச்சிகனிடம் 85–0, ஹார்வர்டிடம் 61–0, ஒஹாயோ ஸ்டேட்டிடமும் 61–0. ஆனால் காரணம் அதைவிட ஆழமானது. 1929இல் முப்பது வயதில் தலைவரான ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ், டிக்கெட் வசூலுக்காக நடக்கும் ஆட்டத்துக்கும் கல்விக்கும் ஒட்டில்லை என்று வெளிப்படையாக எழுதியவர். மற்ற பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தன. சிகாகோ அந்தப் பந்தயத்தில் இறங்கவில்லை. அணி மெலிந்தது. தோல்விகள் அவர் கையில் ஒரு காரணத்தைக் கொடுத்தன, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் கிளார்க் ஷானஸியைக் குறை சொல்வோருக்கு ஒரு செய்தி: அடுத்த பருவத்திலேயே அவர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், ஒரு தோல்வியும் இல்லாமல், ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தையும் வென்று காட்டினார். குறை அவரிடம் இல்லை.

ஹட்சின்ஸ் செய்தது சரி என்பதே என் எண்ணம். ஆட விரும்பிய சாதாரண மாணவனுக்குச் சிறிய அளவிலாவது ஓர் அணியை அவர் விட்டுவைத்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: நம் சந்திரசேகர் அங்கேதானே இருந்தார்?

ஆமாம், தம்பி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது தலைவர் இதே ஹட்சின்ஸ். அணி கலைக்கப்பட்டபோது சந்திரசேகர் அதே பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில், விஸ்கான்சினில் இருந்தார்.

கேள்வி: மைதானம் என்ன ஆயிற்று? அணி திரும்பவே இல்லையா?

ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் இருந்த பந்தாட்ட அறையில்தான் 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி குழுவினர், மனிதர் உருவாக்கிய, தானே நீடிக்கும் முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினார்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது ரெகன்ஸ்டைன் நூலகம் நிற்கிறது.

பிக் டென்னிலிருந்து 1946இல் விலகிய சிகாகோ, 1969இல் முறையான அணியை மீண்டும் களமிறக்கியது. இப்போது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. வகுப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள்தான் ஆடுகிறார்கள்.