டிகிரி இல்லாத புரோகிராமர் வெளிநாட்டு வேலைக்குப் போக முடியுமா?

திருப்பூரைச் சேர்ந்த 26 வயது வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இன்ஜினியரிங் மூன்றாவது வருடத்தில் அரியர் சேர்ந்து படிப்பை விட்டுவிட்டேன். ஒரு வருடம் ஃப்ரீலான்ஸாக வெப்சைட் செய்து கொடுத்தேன். அப்புறம் மூன்று வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கெண்ட் டெவலப்பர். வெளிநாட்டு வேலைக்கு டிகிரி கட்டாயம், ஒன்றேகால் லட்சம் கொடுத்தால் பழைய தேதி போட்டு பி.சி.ஏ. வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். வாங்கலாமா? டிகிரி இல்லாமல் போக வழி உண்டா? அடுத்த வருடம் கல்யாணம், மனைவியையும் அழைத்துப் போக முடியுமா?"

முதலில் அந்த டிகிரியை வாங்காதீர்கள். பணம் போவதோடு முடிகிற விஷயமில்லை இது. விசா விண்ணப்பத்தில் போலிச் சான்றிதழ் வைத்தது தெரிந்தால், பிரிட்டனில் 10 வருடம் விண்ணப்பங்களை மறுப்பார்கள், அமெரிக்காவில் நிரந்தரத் தடை வரலாம், சிங்கப்பூரில் பொய்த் தகவல் கொடுத்ததற்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடமிருக்கிறது. பழைய தேதி போட்ட சான்றிதழ் மாட்டிக்கொள்வதும் சுலபம், ஏனென்றால் நீங்கள் ரெகுலராகப் படித்ததாக அது சொல்லும் அதே மாதங்களில் உங்கள் பி.எஃப். கணக்கில் சம்பளப் பிடித்தம் ஏறியிருக்கும். உண்மையான மூன்று வருட அனுபவத்தை ஒரு பொய்க் காகிதத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, வழி இருக்கிறதா? இருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு இன்று நேராகத் திறந்திருக்கும் கதவு ஜெர்மனி. 2023 நவம்பர் முதல் அங்கே ஐ.டி. ஆட்களுக்கு டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு, அதாவது திறன்மிக்க வெளிநாட்டவர் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி, கொடுக்கிறார்கள். கடந்த 7 வருடத்துக்குள் குறைந்தது 3 வருட ஐ.டி. அனுபவம் வேண்டும், அந்த அனுபவம் பட்டதாரி செய்யும் வேலைக்கு நிகராக இருக்க வேண்டும், குறைந்தது 6 மாதத்துக்கான வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். 2026-க்கான சம்பள வரம்பு வருடத்துக்கு 45,934.20 யூரோ, அதாவது மாதம் சுமார் 3,828 யூரோ, வரியும் காப்பீடும் பிடிப்பதற்கு முன். தனி ஆளாக இருந்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும். இந்த வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும், எனவே ஆஃபர் வரும்போது அந்த வருடத் தொகையைப் பாருங்கள். மூன்று வருடம் முழுதாக நிரூபிக்க முடியாதவர்களுக்கு இன்னொரு விசாவும் உண்டு, அதற்குக் கடந்த 5 வருடத்தில் 2 வருட அனுபவம் போதும், ஆனால் அது ப்ளூ கார்டு ஆகாது. இரண்டுக்குமே விசா விதிப்படி ஜெர்மன் மொழி கட்டாயமில்லை.

இங்கே பலர் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது. டிகிரி விலக்கு எல்லா ஐ.டி. வேலைக்கும் கிடையாது. சாஃப்ட்வேர் டெவலப்பர், வெப் டெவலப்பர், டேட்டாபேஸ் அல்லது சிஸ்டம் அட்மின், ஐ.டி. மேனேஜர் போன்ற பிரிவுகளுக்குத்தான் ப்ளூ கார்டில் அந்தச் சலுகை. ஹெல்ப்டெஸ்க், டெக் சப்போர்ட் எல்லாம் டெக்னீஷியன் பிரிவில் போய்விடும். ஒப்பந்தத்தில் வேலையின் பெயரும் விவரமும் எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கவனியுங்கள்.

இனி உண்மையான வேலை, அதாவது அனுபவத்தைக் காகிதத்தில் காட்டுவது. டிகிரி இல்லாதவருக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்தான் எல்லாம். நம் ஊர் எச்.ஆர். வழக்கமாகக் கொடுப்பது இரண்டு வரி: இவர் இந்தத் தேதியிலிருந்து சாஃப்ட்வேர் இன்ஜினியராகப் பணியாற்றுகிறார், நடத்தை நன்று. அதை வைத்து உங்கள் வேலை பட்டதாரிக்கு நிகரானது என்று ஓர் அதிகாரி எப்படி முடிவு செய்வார்? லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, முழுநேர வேலை என்ற குறிப்பு, பதவி, அதற்குக் கீழே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஐந்தாறு வரி இருக்க வேண்டும். உதாரணமாக, ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டத்துக்கான ஏபிஐ-களை வடிவமைத்தார், டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றும் பணியை முன்னின்று செய்தார், இரண்டு ஜூனியர்கள் எழுதியதை ரிவியூ செய்தார், இந்த மாதிரி. கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, கம்பெனி ஈமெயில், போன் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். வரைவை நீங்களே எழுதி உங்கள் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் அது வசதி. செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். முக்கியமாக, ராஜினாமா கொடுப்பதற்கு முன் வாங்குங்கள், நோட்டீஸ் பீரியடில் முகம் கொடுத்துப் பேசாத கம்பெனிகள் நிறைய.

கூடவே அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துவையுங்கள். ஃப்ரீலான்ஸ் வருடத்தையும் விடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பவும் வேண்டாம். இன்வாய்ஸ், பணம் வந்த பேங்க் பதிவு, வருமான வரி தாக்கல், கிளையன்ட் எழுதிக் கொடுத்த கடிதம் இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் கம்பெனி அனுபவம் மட்டுமே மூன்று வருடம் தொட்டுவிட்டது என்பது பெரிய பலம்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கு டிகிரி அல்லது அதற்கு ஈடு வேண்டும், கல்லூரியின் ஒரு வருடத்துக்கு 3 வருட அனுபவம் என்று கணக்குப் பார்ப்பார்கள், கல்லூரிப் படிப்பே இல்லாதவருக்கு அது 12 வருடம், அதற்கு மேல் குலுக்கல் வேறு. ஜப்பானில் பொதுவாக டிகிரி அல்லது 10 வருட அனுபவம் கேட்பார்கள். புள்ளிகள் போட்டுக் குடியேற ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ப்ளஸ் டூ மட்டும் இருந்தால் படிப்புக்கான புள்ளிகள் வெகுவாகக் குறையும். பிரிட்டனில் டிகிரி கட்டாயம் என்று விதி இல்லை, வேலை பட்டதாரி நிலையில் இருந்தால் போதும், ஆனால் 2025 ஜூலைக்குப் பிறகு சம்பள வரம்பு மிகவும் உயர்ந்துவிட்டது. சிங்கப்பூரிலும் டிகிரி இல்லாமல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைக்கலாம், ஆனால் அங்கும் புள்ளிக் கணக்குதான், படிப்புத் தகுதிக்கான புள்ளிகள் பூஜ்யமாகிவிடும், அதைச் சம்பளமும் மற்றவையும் ஈடுகட்ட வேண்டும்.

விசாவைவிடக் கடினம் வேலை கிடைப்பது, இதை மறைக்க விரும்பவில்லை. இந்தியாவில் இருக்கும் ஒருவரை எடுத்து, காத்திருந்து கூட்டிக்கொள்ளத் தயாராக இருக்கும் கம்பெனிகள் குறைவு, அதிலும் டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு உண்டு என்பது அங்கிருக்கும் எச்.ஆர். பலருக்கே தெரியாது. அதனால் விண்ணப்பத்திலேயே அந்த விதியை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஜெர்மன் மொழி விசாவுக்கு வேண்டாம் என்றாலும் வேலை தேடும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் பல விளம்பரங்கள் கைவிட்டுப் போகும். கோயம்புத்தூரிலேயே ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது, இந்த மாதமே ஏ1 என்ற ஆரம்ப நிலை வகுப்பில் சேருங்கள். பின்னாடியும் அது உதவும்: ப்ளூ கார்டில் இருப்பவருக்கு பி1 என்ற இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம்.

ஆஃபர் தருவதற்கு உங்களிடம் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைபட்டவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

டிகிரி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தால், வேலை பார்த்தபடியே இக்னோவில் பி.சி.ஏ. சேருங்கள், குறைந்தது மூன்று வருடம் ஆகும். ஜெர்மனிக்காக அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மனைவியைப் பொறுத்தவரை, உங்களுக்கு ப்ளூ கார்டு என்றால் அவர் குடும்ப விசாவுக்கு ஜெர்மன் தேர்வு எழுதத் தேவையில்லை, அங்கே போனதும் வேலையும் பார்க்கலாம். கல்யாணம் கோயிலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும் தாமதிக்காமல் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள், இருவர் பாஸ்போர்ட்டிலும் அந்தச் சான்றிதழிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.